பழைய மசில் காரில் மைலேஜைக் கூட்டுவது எப்படி: எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்குத் தள்ளுவது

மசில் கார் என்றால் 1960, 70களில் அமெரிக்காவில் வந்த, பெரிய வி8 இன்ஜின் வைத்த கார். நான் வேலை செய்தது 1970 செவ்ரோலே செவெல்லில். 350 கன அங்குல வி8 இன்ஜின், நான்கு பேரல் கார்புரேட்டர், மூன்று கியர் ஆட்டோமேட்டிக். டெட்ராய்ட் பக்கம் குடியிருப்பதால் இந்த மாதிரிக் கார் வைத்திருக்கும் நண்பர்கள் நிறைய. அவர்களுடைய கராஜ்களிலும் கை வைத்திருக்கிறேன். புதிதாக இறங்குபவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். மைலேஜ் வரவில்லை என்றதும் முதலில் கார்புரேட்டரை மாற்றுகிறார்கள். பெட்ரோல் ஒழுகிப் போவதோ வேறு இடத்தில்: செத்துப்போன வேக்யூம் அட்வான்ஸில் (லேசான த்ராட்டிலில் பிளக்கை முன்கூட்டியே பற்றவைக்கும் பாகம்), பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கில், சூடேறாத இன்ஜினில்.

அதனால் வரிசைதான் இங்கே முக்கியம். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படி சரியாக இருந்தால்தான் பலன் தரும். முஸ்டாங், சார்ஜர், ஜி.டி.ஓ எதுவானாலும் இதே வரிசைதான். எண்களும் சில பாகங்களும் மட்டும் மாறும்.

ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேலனுக்கு 10 மைல் போகும் கார் 13 மைல் போனால், ஆயிரம் மைலுக்கு 23 கேலன் மிச்சம். 30 மைல் போகும் புதிய கார் 40 மைல் போனாலும் மிச்சமாவது 8 கேலன்தான். குறைவாகப் போகும் காரில் சின்ன முன்னேற்றமே பெரிய விஷயம். இந்தக் காரை 30க்குக் கொண்டுபோக முடியாது, அந்த ஆசை வேண்டாம். 10, 11ல் கிடக்கும் காரை நெடுஞ்சாலையில் 15, 16க்குக் கொண்டுவருவது நடக்கக்கூடிய வேலை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

டிகிரியைத் திருப்பி வைக்கும் வசதியுள்ள டைமிங் லைட், வேக்யூம் கேஜ், கையால் இழுக்கும் வேக்யூம் பம்ப், கம்ப்ரெஷன் கேஜ், ட்வெல் மீட்டர், தூரத்திலிருந்தே சூட்டைக் காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். இவை எல்லாம் சேர்ந்தாலும் ஒரு புதுக் கார்புரேட்டரின் விலை வராது. உங்கள் காரின் வருடத்துக்கு உரிய சர்வீஸ் மேனுவலும் வேண்டும்.

ஜாக்கி மட்டும் நம்பி காருக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். பெட்ரோல் திறந்திருக்கும் வேலை என்பதால் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எதை எவ்வளவு மாற்றினோம் என்று எழுதி வைக்காவிட்டால், நாலாவது மாற்றத்துக்குப் பிறகு எது பலன் கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

1. இப்போது எவ்வளவு தருகிறது என்று அளந்துகொள்ளுங்கள்

முதலில் ஓடோமீட்டர் உண்மை பேசுகிறதா என்று பாருங்கள். ஐம்பது வருடத்தில் டயர் அளவும் ஆக்ஸில் கியரும் எத்தனை முறை மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது. இன்டர்ஸ்டேட்டில் சாலையோரம் இருக்கும் மைல் பலகைகளைப் பார்த்துப் பத்து மைல் ஓட்டுங்கள். உங்கள் மீட்டர் 9.6 காட்டினால், இனி அது காட்டும் எந்தத் தூரத்தையும் 1.04ஆல் பெருக்க வேண்டும். இதைச் செய்யாமல் போடும் கணக்கு முழுவதும் தப்பு.

அடுத்தது பெட்ரோல் போடும் முறை. ஒரே பெட்ரோல் பங்க், ஒரே பம்பு, கார் நிற்பதும் ஒரே பக்கம். முதல் முறை தானாக நின்றதும் நிறுத்திவிடுங்கள். செவெல்லில் டேங்க் மூடி பின்பக்க நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் தாழ்வாக இருக்கும். வேகமாகப் போட்டால் பெட்ரோல் திரும்பி அடித்து, நிரம்பும் முன்பே பம்பு நின்றுவிடும். அதனால் மெதுவாக விடுங்கள். ஒரு டேங்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள், மூன்று டேங்கின் சராசரியை எடுங்கள்.

கோடையில் எடுத்த கணக்கைக் குளிர்காலக் கணக்கோடு ஒப்பிடவும் கூடாது. குளிர்காலத்தில் விற்கும் பெட்ரோலின் கலவையே வேறு, அதில் சக்தி கொஞ்சம் குறைவு. இன்ஜின் சூடேறவும் அதிக நேரம் பிடிக்கும்.

2. இன்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறதா?

தேய்ந்துபோன இன்ஜினை ட்யூன் செய்வது வீண் வேலை. எட்டு பிளக்கையும் கழற்றி, இக்னிஷன் காயிலின் இணைப்பை எடுத்துவிட்டு, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்துக் கம்ப்ரெஷன் பாருங்கள். த்ராட்டில் மூடியிருந்தால் காற்று போதாமல் எல்லா சிலிண்டரும் மோசம் போலத் தெரியும். இருப்பதிலேயே குறைந்த அளவு, இருப்பதிலேயே அதிகமான அளவில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும். இல்லை என்றால் இங்கேயே நிறுத்தி அதை முதலில் சரிசெய்யுங்கள்.

அப்புறம் வேக்யூம் கேஜை இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டுங்கள். தொழிற்சாலை கேம்ஷாஃப்ட் இருக்கும் இன்ஜின், சூடான பிறகு ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் காட்ட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய 1 அங்குலம் குறையும். முள் ஆடாமல் தாழ்வாக நின்றால், எங்கோ காற்று கசிகிறது அல்லது டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) பின்தங்கியிருக்கிறது. ஒவ்வொரு வேக்யூம் ஹோஸையும் பிளையரால் மெதுவாக நசுக்கிப் பாருங்கள். எதை நசுக்கும்போது முள் ஏறுகிறதோ அந்தக் கிளையில்தான் கசிவு. தீப்பிடிக்கும் ஸ்பிரேயை அடித்துத் தேடுவதை நான் செய்வதில்லை, சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது.

டைமிங் செயினையும் இப்போதே பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்டில் சாக்கெட் மாட்டிக் கையால் முன்னும் பின்னும் திருப்புங்கள். கிராங்க் எட்டு, பத்து டிகிரி நகர்ந்த பிறகுதான் ரோட்டர் அசைகிறது என்றால் செயின் தளர்ந்துவிட்டது. அந்தக் காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜின்கள் பலவற்றில் கேம் கியரின் பற்கள் நைலான். வயதானால் அவை விரிசல் விட்டு உதிரும். செயின் தளர்ந்தால் வால்வு திறக்கும் நேரம் பின்தங்கும், இக்னிஷன் டைமிங்கும் நிலையாக நிற்காது. அதற்குப் பிறகு நீங்கள் செய்யும் எந்த ட்யூனிங்கும் நிலைக்காது.

3. கார் தடையில்லாமல் உருளுகிறதா?

இது இன்ஜினைத் தொடாமலே கிடைக்கும் மைலேஜ். பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு, கடைசி அரை மைலில் முடிந்த வரை பிரேக் தொடாமல் வந்து நிறுத்துங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நாலு சக்கரத்தின் மையத்திலும் காட்டுங்கள். ஒரே ஆக்ஸிலில் இடதும் வலதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

காரணம் பெரும்பாலும் ரப்பர் பிரேக் ஹோஸ்தான். வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதிக்கும்போது பிரேக் திரவம் போய்விடும், காலை எடுத்ததும் திரும்பி வர மறுக்கும். பழைய ஹோஸ் இருந்தால் சோதித்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள், பாதுகாப்புக்கும் அதுவே நல்லது. உப்பு தெளிக்கும் ஊர்களில் பார்க்கிங் பிரேக் கேபிள் துருப்பிடித்து முழுதும் விடாமல் நிற்பதும் சகஜம். முன் சக்கர பேரிங்கை இறுக்கி மாட்டுவது இன்னொரு தவறு. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் திருகும் அளவுக்குத்தான் விட வேண்டும்.

டயரில் ஒரு பழைய சிக்கல் உண்டு. காரில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த ஸ்டிக்கர் அந்தக் காலத்து பயாஸ் டயருக்கு எழுதியது. இன்றைய ரேடியலில் அந்த அளவு காற்று போட்டால் டயர் சப்பையாக உருளும். நான் 33 பி.எஸ்.ஐ வைக்கிறேன். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. அலைன்மென்ட் செய்யும் கடையிலும் ரேடியல் டயர் என்று சொல்லிவிடுங்கள். பழைய புத்தகத்தில் இருக்கும் டோ-இன் (முன் சக்கரங்கள் உள்பக்கம் சாய்ந்து பார்க்கும் அளவு) ரேடியலுக்கு அதிகம். டயரும் தேயும், பெட்ரோலும் போகும்.

4. இன்ஜின் சூடேற வேண்டும்

பல கார்களில் 160 டிகிரி ஃபாரன்ஹீட் தெர்மோஸ்டாட் மாட்டியிருப்பார்கள். சிலர் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்திருப்பார்கள். ஓவர்ஹீட் ஆகாமல் இருக்கட்டும் என்கிற பயம்தான் காரணம். ஆனால் குளிர்ந்த மேனிஃபோல்டில் பெட்ரோல் ஆவியாகாமல் சுவரில் ஒட்டி ஓடும். அதை ஈடுகட்ட அதிகப் பெட்ரோல் போகும், ஆயிலும் கெடும். என் காரில் 195 டிகிரி போட்டிருக்கிறேன். அதைப் போட்டதும் கார் கொதித்தால் குற்றம் தெர்மோஸ்டாட்டில் இல்லை. ரேடியேட்டர், ஃபேன் ஷ்ரவுட், வாட்டர் பம்ப் ஆகியவற்றைப் பாருங்கள்.

குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக் அடுத்தது. இன்ஜின் முழுக்கச் சூடானதும் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். சோக் தகடு நேராக நிமிர்ந்து நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் ஊர் முழுக்கச் சோக் போட்டபடியே ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். அசையும் இடங்களைச் சுத்தம் செய்யுங்கள், எலெக்ட்ரிக் சோக் என்றால் வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்.

5. இக்னிஷன்: அதிகப் பலன் கிடைக்கும் இடம்

இங்கேதான் பொறுமையாக நிற்க வேண்டும். நான் பார்த்த கார்களில் மைலேஜ் அதிகம் உயர்ந்தது இந்தப் படியில்தான், செலவும் ஏறக்குறைய இல்லை.

*முதலில் ட்வெல், பிறகு டைமிங்.* பாயிண்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் சுவிட்ச்) இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் ட்வெல்லை, அதாவது பாயிண்ட் மூடியிருக்கும் கோணத்தை, முதலில் 30 டிகிரிக்கு வையுங்கள். ட்வெல் மாறினால் டைமிங்கும் கூடவே மாறும், டைமிங் மாறினால் ட்வெல் மாறாது. வரிசையை மாற்றிச் செய்பவர்கள் இரண்டு முறை வேலை செய்கிறார்கள். பின்னால் வந்த எச்.இ.ஐ (பாயிண்ட் இல்லாத மின்னணு) டிஸ்ட்ரிபியூட்டர் மாட்டியிருந்தால் ட்வெல் வேலை இல்லை. பிளக் இடைவெளி பாயிண்ட் இக்னிஷனுக்கு 0.035 அங்குலம், எச்.இ.ஐக்கு 0.045.

*டைமிங் குறி பொய் சொல்லலாம்.* கிராங்கின் முன்னால் இருக்கும் பேலன்சர் இரண்டு இரும்புத் துண்டுகள், நடுவில் ரப்பர். ரப்பர் வயதாகிவிட்டால் வெளிவளையம் வழுக்கி நகரும், அதில் இருக்கும் கோடும் நகர்ந்துவிடும். ஒரு நண்பரின் கமாரோவில் இரண்டு வார இறுதிகள் இதில் போயின. லைட் அடித்தால் 10 டிகிரி, புத்தகத்தில் இருப்பது போலவே. ஆனால் கார் இழுக்கவே இல்லை, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மட்டும் அளவுக்கு மீறிச் சுட்டது. கடைசியில் பிஸ்டன் ஸ்டாப் (பிளக் துளையில் திருகி பிஸ்டனை இடித்து நிறுத்தும் கருவி) வைத்துப் பார்த்தபோது, கோடு உண்மையான இடத்திலிருந்து 11 டிகிரி தள்ளி இருந்தது. இத்தனை நாளும் அட்வான்ஸே இல்லாமல்தான் ஓடியிருக்கிறது.

அதனால் குறியை முதலில் சரிபாருங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, எல்லாப் பிளக்கையும் எடுத்து, ஒன்றாம் சிலிண்டரில் பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகுங்கள். கையால் ஒரு பக்கம் மெதுவாகத் திருப்பி, பிஸ்டன் இடித்து நிற்கும் இடத்தில் பேலன்சரில் ஒரு கோடு போடுங்கள். எதிர்ப்பக்கம் திருப்பி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்ட நடுவில் இருப்பதுதான் உண்மையான உச்சி. தொழிற்சாலைக் கோடு அங்கே இல்லை என்றால் பேலன்சரை மாற்ற வேண்டும். வழுக்கியது இன்னும் வழுக்கும்.

*அடிப்படை டைமிங்கும் மொத்த டைமிங்கும்.* இன்ஜினைச் சூடாக்கி, வேக்யூம் அட்வான்ஸ் ஹோஸைக் கழற்றி, ஹோஸின் வாயை அடைத்துவிடுங்கள். அடைக்காமல் விட்டால் அதுவே வேக்யூம் கசிவு. ஐட்லிங்கை முடிந்த வரை தாழ்த்துங்கள், அப்போதுதான் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகள் விரியாமல் இருக்கும். செவ்ரோலே சின்ன வி8ல் டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர் கடிகாரத் திசையில் சுற்றும். டிஸ்ட்ரிபியூட்டரின் உடல் பகுதியை அதற்கு எதிர்த்திசையில் திருப்பினால் டைமிங் முன்னால் போகும்.

அடிப்படையை (ஐட்லிங்கில் இருக்கும் டைமிங்) 8 முதல் 12 டிகிரிக்குள் வைத்துவிட்டு இன்ஜினை மெதுவாக நிமிடத்துக்கு 3000 சுற்றுக்கு ஏற்றுங்கள். டைமிங் ஏறி ஏறி ஓரிடத்தில் நிற்கும். அதுதான் மொத்தம், 34 முதல் 36 டிகிரி இருக்க வேண்டும். அடிப்படையைவிட இந்த எண்தான் முக்கியம். மொத்தம் 36ஐத் தாண்டினால் அடிப்படையைக் குறையுங்கள். எடைகளின் ஸ்பிரிங் துருப்பிடித்து இறுகியிருந்தால் டைமிங் ஏறவே ஏறாது, கழற்றிச் சுத்தம் செய்து கொஞ்சம் கிரீஸ் வைக்க வேண்டும்.

*இப்போது வேக்யூம் அட்வான்ஸ்.* மசில் காரின் மைலேஜைத் தின்னும் பெரிய திருடன், அடைத்து வைத்திருக்கும் இந்த ஹோஸ்தான். ரேஸ் காரில் இது கிடையாது என்று யாரோ சொல்லக் கேட்டு, நிறையப் பேர் இதைக் கழற்றி ரப்பர் மூடி போட்டிருப்பார்கள். ரேஸ் கார் எப்போதும் முழு த்ராட்டிலில் ஓடுகிறது, அதற்கு வேண்டாம். உங்கள் கார் பெரும்பாலும் லேசான த்ராட்டிலில் ஓடுகிறது. அப்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு, அது நெருக்கமில்லாமல் இருப்பதால் மெதுவாக எரியும். மெதுவாக எரிவதை முன்கூட்டியே பற்றவைத்தால்தான் பிஸ்டன் இறங்கும் நேரத்தில் அழுத்தம் சரியாகக் கிடைக்கும். இல்லாவிட்டால் எரிந்துகொண்டே எக்ஸாஸ்டுக்குப் போய்விடும். மேனிஃபோல்ட் அளவுக்கு மீறிச் சுடுவது அதனால்தான்.

கை பம்பை அட்வான்ஸ் டப்பாவில் மாட்டி இழுங்கள். உள்ளே தகடு நகர வேண்டும், கேஜ் முள் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது, டப்பாவை மாற்றுங்கள். நல்ல டப்பா 10 முதல் 14 டிகிரி வரை சேர்க்கும். மொத்த 36 மேல் இது சேர்ந்தால், சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும்போது 46 முதல் 50 டிகிரி வரும். இந்த எண்ணைக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள். ஆக்சிலேட்டரை அமுக்கிய கணமே வேக்யூம் விழுந்து அந்தக் கூடுதல் டிகிரிகள் போய்விடும், பயம் வேண்டாம்.

ஹோஸை எங்கே மாட்டுவது என்று பெரிய சண்டையே நடக்கும். கார்புரேட்டரில் த்ராட்டிலுக்கு மேலிருக்கும் துளையிலா, நேராக மேனிஃபோல்டிலா? ஐட்லிங்கில்தான் இரண்டுக்கும் வித்தியாசம். நெடுஞ்சாலையில் த்ராட்டில் திறந்திருக்கும்போது இரண்டிலும் ஒரே வேக்யூம்தான். மைலேஜைப் பொறுத்தவரை எது வேண்டுமானாலும் சரி. ஐட்லிங் எதில் அமைதியாக இருக்கிறதோ அதில் மாட்டிவிட்டு, ஐட்லிங் வேகத்தை மறுபடி சரிசெய்யுங்கள்.

கடைசியாக, நல்ல வெயிலில் ஒரு மேட்டில் பாதி த்ராட்டிலில் ஏறுங்கள். ரேடியோ வேண்டாம், கண்ணாடியை இறக்கிவிடுங்கள். தகரக் குவளையில் கோலிக்குண்டு உருளும் மாதிரி சத்தம் கேட்டால் நாக்கிங். வேக்யூம் இணைத்திருக்கும்போது மட்டும் கேட்டால் அட்வான்ஸ் டப்பா சேர்க்கும் டிகிரியைக் குறையுங்கள். சில டப்பாக்களில் ஹோஸ் மாட்டும் துளைக்குள் ஆலன் கீ விட்டே சரிசெய்யலாம். வேக்யூம் இல்லாமலும் கேட்டால் மொத்த டைமிங்கை 2 டிகிரி குறையுங்கள். இந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு ஓட்டாதீர்கள், பிஸ்டன் உடையும்.

6. இப்போதுதான் கார்புரேட்டர்

டைமிங் பின்தங்கியிருக்கும்போது கார்புரேட்டரைச் சரிசெய்தால், ஒரு தவறை மறைக்க இன்னொரு தவறு செய்ததாகிவிடும். அதனால்தான் இது ஆறாவது.

காரில் இருப்பது அளவுக்கு மீறிய கார்புரேட்டரா என்று முதலில் பாருங்கள். கன அங்குலத்தை உச்ச சுற்றால் பெருக்கி 3456ஆல் வகுத்தால் இன்ஜின் இழுக்கக்கூடிய காற்று தெரியும். 350 இன்ஜின், 5500 சுற்று: 557 சி.எஃப்.எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று). எந்தச் சாலை இன்ஜினும் அதை முழுதாக இழுக்காது. 85 சதவீதம் என்று வைத்தால் 473. 600 சி.எஃப்.எம் கார்புரேட்டரே தாராளம். 850 மாட்டியிருந்தால், குறைந்த சுற்றில் காற்றின் வேகம் போதாமல் பெட்ரோல் துளித்துளியாக விழும், நன்றாகக் கலக்காது.

தொழிற்சாலையிலிருந்து வந்த குவாட்ராஜெட் இதில் விதிவிலக்கு. அதன் முன் இரண்டு பேரல்கள் சிறியவை, பின் இரண்டும் பெரியவை. சாதாரணமாக ஓட்டும்போது சிறியவை மட்டும் வேலை செய்யும், பெட்ரோல் நன்றாக உடைந்து கலக்கும். மைலேஜ்தான் நோக்கம் என்றால், நல்ல நிலையில் இருக்கும் குவாட்ராஜெட்டைக் கழற்றிவிட்டு வேறு எதையும் மாட்டாதீர்கள் என்பது என் திடமான கருத்து.

வேலையின் வரிசை இது. ஃப்ளோட் உயரத்தை மேனுவலில் சொன்னபடி வையுங்கள். அது உயர்ந்தால் எல்லா நிலையிலும் கலவையில் பெட்ரோல் கூடும். பிறகு பவர் பிஸ்டன் தடையில்லாமல் மேலும் கீழும் போகிறதா என்று பாருங்கள். வேக்யூம் இருக்கும்போது அது கீழே இறங்கி, மீட்டரிங் ராடுகளை ஜெட்டுக்குள் விட்டுப் பெட்ரோலைக் குறைக்கிறது. அழுக்கில் சிக்கி மேலேயே நின்றுவிட்டால், சமதளத்திலும் மேடு ஏறுவதற்கான பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். ஹோலி வகைக் கார்புரேட்டரில் இதே வேலையைப் பவர் வால்வு செய்கிறது, அதன் டயாஃப்ரம் கிழிந்தாலும் இதே கதைதான்.

அடுத்து ஐட்லிங் கலவை. வேக்யூம் கேஜைப் பார்த்துக்கொண்டே இரண்டு ஸ்க்ரூவையும் கால் சுற்று கால் சுற்றாக, இரண்டையும் சமமாகத் திருப்புங்கள். முள் உச்சத்துக்குப் போகும் இடத்தில் நிறுத்தி, அதிலிருந்து மிகக் கொஞ்சம் உள்ளே திருகுங்கள்.

அதன் பிறகுதான் நெடுஞ்சாலைக் கலவை. இங்கே வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் உண்மையிலேயே உதவும். எக்ஸாஸ்ட் பைப்பில் ஒரு நட்டு வெல்டிங் செய்து மாட்ட வேண்டும். சமதளத்தில் 60 மைல் வேகத்தில் மீட்டர் 14.5 முதல் 15.5 வரை (ஒரு பங்கு பெட்ரோலுக்கு இத்தனை பங்கு காற்று) காட்டினால் நல்லது. 13 என்றால் பெட்ரோல் வீணாகிறது. குவாட்ராஜெட்டில் ஜெட்டைத் தொடாமல் மீட்டரிங் ராடை ஓர் அளவு தடிமனாகப் போடுங்கள். ஜெட்டை மாற்றினால் முழு த்ராட்டிலிலும் பெட்ரோல் குறையும், அது ஆபத்து. முழு த்ராட்டிலில் 12.5க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எவ்வளவு குறைக்கலாம் என்பதைக் காரே சொல்லும். ஆக்சிலேட்டர் அசையாமல் இருக்கும்போது, யாரோ பின்னாலிருந்து லேசாகத் தள்ளித் தள்ளி விடுவது போலக் கார் முன்னும் பின்னும் ஊசலாடினால் பெட்ரோல் போதவில்லை. ஓர் அளவு திரும்பி வாருங்கள். பிடிவாதமாக அங்கேயே நின்றால், மிஸ் ஆகும் சிலிண்டரால் இருக்கும் மைலேஜும் போய்விடும்.

7. கியர்: கணக்கு போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் காரில் இருப்பதைச் சரிசெய்வது. இனி வருவது செலவு. வேக மைலை ஆக்ஸில் விகிதத்தால் பெருக்கி, 336ஆல் பெருக்கி, டயரின் விட்டத்தால் வகுத்தால் இன்ஜினின் சுற்று வரும். 65 மைல், 3.73 ஆக்ஸில், 26 அங்குல டயர்: ஏறக்குறைய 3130 சுற்று. அதே கார் 3.08 ஆக்ஸிலில் 2590. 3.73ஐ வைத்துக்கொண்டே 700ஆர்4 ஆட்டோமேட்டிக் மாட்டினால், அதன் நாலாவது கியர் 0.70 என்பதால் 2190.

ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்துவிடாதீர்கள். 3.08 ஆக்ஸிலும் ஓவர்டிரைவும் (அந்த 0.70 நாலாவது கியர்) சேர்ந்தால் 1810 சுற்று. பெரிய கேம்ஷாஃப்ட் இருக்கும் இன்ஜின் அங்கே திணறும், அதைச் சமாளிக்க நீங்கள் ஆக்சிலேட்டரை அமுக்குவீர்கள். 2000க்கும் 2300க்கும் நடுவில் நிற்கும்படி கணக்குப் போடுங்கள்.

700ஆர்4 மாட்டுபவர்கள் டி.வி. கேபிளை (கார்புரேட்டரின் த்ராட்டிலையும் கியர்பாக்ஸையும் இணைப்பது) சரியாகப் பொருத்தாமல் காரை நகர்த்தவே கூடாது. கியர்பாக்ஸின் உள்ளழுத்தத்தைத் தீர்மானிப்பது அந்தக் கேபிள்தான். தளர்வாக இருந்தால் கிளட்ச் தட்டுகள் வழுக்கிச் சீக்கிரமே எரிந்துபோகும். டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் வயரையும் இணைத்துவிடுங்கள், அது இல்லாவிட்டால் ஓவர்டிரைவின் பலனில் ஒரு பகுதி சூடாகவே போய்விடும். 200-4ஆர் இன்னொரு நல்ல தேர்வு, 0.67 ஓவர்டிரைவ். எதை மாற்றினாலும் ஸ்பீடோமீட்டர் கியரையும் மாற்றி, முதல் படியில் செய்த பத்து மைல் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

பணம் திரும்பி வருமா? வருடம் 1500 மைல் ஓட்டுபவருக்கு 13லிருந்து 17க்கு ஏறினால் மிச்சம் 27 கேலன். கியர்பாக்ஸ் விலைக்கு அது எந்த மூலைக்கும் காணாது. நெடுஞ்சாலையில் காது வலிக்காமல் தூரப் பயணம் போக வேண்டும், இன்ஜின் தேயக் கூடாது என்றால் செய்யுங்கள். பெட்ரோல் காசுக்காக மட்டும் என்றால் ஆறாவது படியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

8. சின்னச் சின்ன விஷயங்கள்

நேராக போல்ட் செய்த ஃபேன் எப்போதும் இன்ஜின் சக்தியைத் தின்னும். சூட்டுக்கேற்ப விட்டுப் பிடிக்கும் கிளட்ச் ஃபேன் போடுங்கள், ஷ்ரவுட் கட்டாயம் இருக்கட்டும்.

இங்கே இன்று கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் வரை எத்தனால். அதனால் சக்தி 3 சதவீதம் குறைவு, பழைய ரப்பர் ஹோஸ்களும் இளகும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள். நாக்கிங் இல்லாத காருக்கு விலை உயர்ந்த ஆக்டேன் போடுவதால் மைலேஜ் கூடாது.

மைலேஜுக்காக 0டபிள்யூ-20 மாதிரி மெல்லிய ஆயில் போடாதீர்கள். இந்த இன்ஜின்களின் தட்டையான டாப்பெட் கேம்ஷாஃப்டுக்குத் துத்தநாகம் சேர்ந்த 10டபிள்யூ-30 வேண்டும். இல்லையென்றால் கேம் தேய்ந்துவிடும். பெட்ரோல் லைனில் மாட்டும் காந்தம், காற்றைச் சுழற்றும் தகடு இவற்றில் ஒரு டாலர்கூடப் போடாதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இப்படிப்பட்ட கருவிகளை நூற்றுக்கு மேல் சோதித்துப் பார்த்துவிட்டது, குறிப்பிடத்தக்க பலன் எதிலும் கிடைக்கவில்லை.

9. ஓட்டும்போது

வேக்யூம் கேஜை டாஷ்போர்டுக்குக் கீழே நிரந்தரமாக மாட்டிவிடுங்கள். முள் எவ்வளவு மேலே நிற்கிறதோ அவ்வளவு குறைவாகப் பெட்ரோல் போகிறது. 7, 8க்குக் கீழே விழுந்தால் பெரும்பாலான கார்புரேட்டர்களில் பவர் சிஸ்டம் (மேலே சொன்ன பவர் பிஸ்டன் அல்லது பவர் வால்வு) திறந்துவிடும். மேட்டில் வேகம் இரண்டு மைல் குறைந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிடப் பழகினால், அந்த எல்லைக்குப் போகாமலே ஏறிவிடலாம்.

வேகத்தைக் குறைப்பதற்கு ஈடாக வேறு எதுவும் இல்லை. இந்தக் கார்களின் முகம் செங்கல் மாதிரி. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும்: 55 மைலில் இருப்பதைவிட 75 மைலில் 86 சதவீதம் அதிகம். வலது லேனில் 60ல் போங்கள்.

10. குளிர்காலத்துக்கு நிறுத்தும் முன்

மிச்சிகன் மாதிரி ஊர்களில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கார் கராஜில் தூங்கும். டேங்கை நிரப்பி, ஸ்டெபிலைசர் ஊற்றி, அது கார்புரேட்டர் வரை போய்ச் சேரப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். பாதி டேங்கில் நிறுத்தினால் காலி இடத்துக் காற்றிலிருந்து ஈரம் சேரும், எத்தனால் அதை உறிஞ்சும், ஃப்ளோட் கிண்ணத்தில் வெள்ளையாகப் பூக்கும். அன்றைய ஓடோமீட்டர், மொத்த டைமிங், மீட்டரிங் ராட் எண், டயர் அழுத்தம் இந்த நான்கையும் நோட்டில் எழுதி கிளவ் பாக்ஸில் வையுங்கள். வசந்தத்தில் முதல் டேங்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பழைய பெட்ரோல், இரண்டாவது டேங்கிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.